கழிப்பறைச் சாவி யார் கையில் இருக்கிறதோ, அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிறுவன உரிமையாளர்களுக்கும், மேலாளர்களுக்கும், மனிதவளப் பிரிவில் இருப்பவர்களுக்கும், ஷிப்ட் மேற்பார்வையாளர்களுக்கும் வணக்கம்.

சம்பளம் தாமதமானால் உங்களிடம் வந்து கேட்பார்கள். விடுப்பு மறுத்தாலும் கேட்பார்கள். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, கை கழுவ சோப்பு இல்லை என்று உங்களிடம் எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை வைத்து, நம் இடத்தில் அந்தப் பிரச்சினையே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். இருக்கிற வசதிக்கு ஏற்றபடி ஆட்கள் தங்கள் உடம்பைப் பழக்கிக்கொண்டுவிட்டார்கள். அதனால்தான் உங்கள் மேசைக்குப் புகார் வருவதில்லை.

எப்படிப் பழக்குகிறோம் என்று சொல்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது, வருகிறதோ இல்லையோ, ஒரு முறை போய்விட்டு வருவோம். வேலை முடிகிற வரைக்கும் தண்ணீரைக் குறைத்துக்கொள்வோம். தாகம் தாங்கவில்லை என்றால் ஒரு வாய், தொண்டை நனைகிற அளவுக்கு மட்டும். காலையில் நிரப்பிக் கொண்டுவந்த பாட்டில் மாலையில் முக்கால்வாசியோடு வீடு திரும்பும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பேக்கிங் பிரிவில் இருந்த பெண்கள் எல்லோரும் இதைத்தான் செய்தோம். புதிதாகச் சேர்கிற பெண்ணுக்கு வேலை பழக்குவதற்கு முன்பே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவோம். “தண்ணி நிறைய குடிக்காதே, அப்புறம் நீதான் கஷ்டப்படுவே.” அக்கறையோடு சொல்கிற வார்த்தைதான். ஒருவருக்கொருவர் அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டிய நிலைமை ஒரு பணியிடத்தில் இருக்கிறது என்றால், அங்கே நிர்வாகம் எங்கேயோ தன் கடமையை விட்டுவிட்டது என்று பொருள்.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதில் மருத்துவர்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சிறுநீரை நெடுநேரம் அடக்கிவைக்கிற பழக்கம் கிருமித்தொற்றுக்கு வழிவிடுகிறது. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். கிருமி மேலே ஏற அந்தக் குறைந்த தூரம் வசதியாகப் போய்விடுகிறது. தொற்று சிறுநீரகம் வரைக்கும் போனால் குளிர்காய்ச்சல், முதுகுவலி, ஆஸ்பத்திரிப் படுக்கை. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் அடர்த்தியாகிக் கல் உருவாகும். அடுப்பருகிலோ வெயிலிலோ நின்று வேலை செய்கிறவர் வியர்வையால்தான் உடம்பைக் குளிரவைத்துக்கொள்கிறார். குடிக்கிற தண்ணீரை அவர் குறைத்தால் மயங்கி விழுவார். மலத்தை அடக்குகிறவர்களுக்கு மலச்சிக்கலும் மூலமும் வரும்.

இது பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுக்குகிற மேலாளர்களையும் பார்த்திருக்கிறேன். புராஸ்டேட் சுரப்பி வீங்கிய வயதான ஆண் ஊழியருக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். சர்க்கரை நோய் உள்ளவருக்கும் அப்படித்தான். இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலர், கழிப்பறைக்குப் பயந்து வேலை நாட்களில் அந்த மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார்கள், சில நாள் விட்டும்விடுகிறார்கள். உங்கள் கட்டடத்தில் ஒரு தாழ்ப்பாள் உடைந்திருப்பதற்கும் ஒருவருடைய இரத்த அழுத்தம் ஏறுவதற்கும் தொடர்பு இருக்க முடியும் என்று எந்த ஆய்வு அறிக்கையிலும் வராது. அந்த ஊழியர் அதை உங்களிடம் சொல்லவும் மாட்டார்.

சரி, ஒரு முறை உங்கள் ஊழியர்களின் கழிப்பறைக்குள் நீங்களே போய்ப் பாருங்கள். காலையில் கழுவிவிட்ட உடனே வேண்டாம். ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது போங்கள். கதவின் பின்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும், இத்தனை மணிக்குச் சுத்தம் செய்தது என்று கையெழுத்துப் போடுவதற்கு. இன்னும் வராத மணிக்கும் அதில் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த பல தாள்களில் இருந்தது. கையெழுத்துப் போட்டவரை உடனே கூப்பிட்டுத் திட்டாதீர்கள். அவரிடம் எத்தனை மாடி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

பிறகு சோப்பு. சுவரில் மாட்டிய பெட்டியை அமுக்கினால் நீர்த்துப்போன ஏதோ ஒன்று வரும். தீரப்போகிற சோப்பில் தண்ணீர் ஊற்றி நாளைக் கடத்தியிருப்பார்கள். சிக்கனம் என்று நினைத்துச் செய்கிற இந்த வேலையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பாதி காலியான பெட்டியில் மேலே மேலே ஊற்றிக்கொண்டே போனால் அதற்குள்ளேயே கிருமி வளரும். கழுவிய கை கழுவாத கையைவிட மோசமாகிவிட வாய்ப்பு உண்டு. பெட்டியை முழுக்கக் காலி செய்து, கழுவிக் காயவைத்து, அப்புறம்தான் நிரப்ப வேண்டும். அதைச் செய்ய முடியாத இடத்தில் மூடிய பையாக வருகிற சோப்பை மாட்டிவிட்டு, தீர்ந்ததும் பையோடு மாற்றிவிடலாம்.

அடுத்து கதவு. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும் இருக்கும், அதன் வழியாக யாரோ ஒரு கம்பியை வளைத்துவிட்டிருப்பார்கள். உள்ளே இருப்பவர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். கூட வந்த தோழி வெளியே காவல் நிற்பார். அப்போது இரண்டு பேரின் வேலை நேரம் போகிறது. பையை மாட்ட ஒரு கொக்கி இல்லாததால் ஈரத் தரையில் வைக்க மனமில்லாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டே உட்கார்வோம். விளக்கு எரியாது. மாதவிடாய் நாட்களில் இவ்வளவையும் சமாளித்துவிட்டு, பயன்படுத்திய நாப்கினைப் போட மூடியுள்ள குப்பைக்கூடை இல்லாமல், அதைத் தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் இயந்திரத்துக்கு முன்னால் வந்து நிற்கிற பெண்கள் உங்கள் பணியிடத்தில் இருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் கழிப்பறைத் தொட்டியிலேயே போட்டுவிடுகிறவர்களும் உண்டு. குழாய் அடைத்துக்கொண்ட பிறகு, ‘பெண்கள் கழிப்பறையைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள்’ என்று அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை வரும். அந்தச் சுற்றறிக்கையை அச்சடிப்பதற்கு முன்னால் ஒரு கூடை வாங்கி வைத்திருக்கலாம். நாப்கினை 4 முதல் 8 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், அதிகம் போகிற நாளில் இன்னும் சீக்கிரமாக. எட்டு மணி நேர ஷிப்டில் ஒரு முறையாவது மாற்றியாக வேண்டும். அதற்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் கூடையும் இருக்கிற ஒரு தனியிடம் வேண்டும்.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலின் தலைப்பே அதுதான். சில இடங்களில் கழிப்பறைச் சாவி மேற்பார்வையாளரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சில இடங்களில் டோக்கன். ஒரு வரிசைக்கு ஒரு டோக்கன், அது திரும்பி வந்தால்தான் அடுத்தவர் போகலாம். சில இடங்களில் பதிவேட்டில் போன நேரமும் வந்த நேரமும் எழுத வேண்டும். நாலு பேர் முன்னால் ஓர் ஆண் மேற்பார்வையாளரிடம் போய் நின்று, “இப்பதானே போயிட்டு வந்தே?” என்ற கேள்விக்குப் பதில் சொல்வது எவ்வளவு கூச்சமான விஷயம் என்று நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அந்தப் பெண் அதற்குப் பிறகு தண்ணீரே குடிக்க மாட்டாள்.

இதைப் பற்றி அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு 1998 ஏப்ரலில் தன் விதிக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. கழிப்பறை கட்டிவைத்தால் மட்டும் விதியை நிறைவேற்றியதாகாது, தேவைப்படும்போது ஊழியர் அதைப் பயன்படுத்த விட வேண்டும், நியாயமில்லாத கட்டுப்பாடு விதிக்கக் கூடாது என்பது அதன் சாரம். எனக்கு இந்த விளக்கம் மிகவும் பிடிக்கும். பூட்டிய கழிப்பறையும் இல்லாத கழிப்பறையும் ஊழியருக்கு ஒன்றுதான் என்று ஓர் அரசு அமைப்பே ஒப்புக்கொண்டது போல இருக்கிறது.

“கழிப்பறைக்குப் போனால் இருபது நிமிஷம் ஆகிறது, உற்பத்தி பாதிக்கிறது” என்று சொல்கிறீர்கள். அந்த நேரம் எங்கே போகிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள். பாதிக்கு மேல் வரிசையில் போகும். பிரிட்டனில் 1992-ல் வந்த பணியிட விதிகளுக்கான வழிகாட்டியில் ஒரு கணக்கு இருக்கிறது. 5 பேர் வரை ஒரு கழிப்பறையும் ஒரு கை கழுவும் தொட்டியும், 25 பேர் வரை இரண்டு, 50 பேர் வரை மூன்று, 75 வரை நான்கு, 100 வரை ஐந்து. உங்கள் தளத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு எத்தனை கழிப்பறைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எண்ணும்போது பூட்டிக் கிடப்பதையும், பழுதாகிச் சாமான் அறையாக மாறிவிட்டதையும் சேர்க்க வேண்டாம். இடைவேளை மணி அடித்ததும் எல்லோரையும் ஒரே நேரத்தில் வெளியே விடுகிற வழக்கம் இருந்தால், அதைப் பிரித்துவிடுவதாலேயே பாதி வரிசை குறைந்துவிடும். அதற்குப் பணமும் தேவையில்லை.

சட்டம் இதில் உங்களைவிட நெடுங்காலம் முன்னதாக யோசித்திருக்கிறது. இந்தியாவில் 1948-ல் எழுதிய தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, குடிநீர் வைக்கும் இடம் கழிப்பறையிலிருந்தும் கழுவுமிடத்திலிருந்தும் சுமார் 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலானோருக்குப் புரிகிற மொழியில் ‘குடிநீர்’ என்று எழுதிவைக்க வேண்டும் என்று இருந்தது. கடைகளிலும் அலுவலகங்களிலும் இருப்பவர்களுக்குத் தகுந்த கழிப்பறையும் கழுவுமிடமும் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1964-ல் தனியாக ஓர் ஒப்பந்தமே கொண்டுவந்தது. பாதுகாப்பான குடிநீரும் சுகாதார வசதியும் மனித உரிமை என்று 2010 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. 2022 ஜூனில், பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலைத் தொழிலாளர் அமைப்பு தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே சோப்பு கேட்கிற ஊழியர் உங்களிடம் சலுகை கேட்கவில்லை. இதை ‘நலத்திட்டம்’ என்ற தலைப்பில் கணக்கெழுதுவதை நிறுத்திவிட்டு மின்சாரக் கட்டணம், வாடகை எழுதுகிற பக்கத்தில் எழுதுங்கள்.

கை கழுவுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல அலுவலகங்களில் வாசலில் ஒரு சானிடைசர் பாட்டிலை வைத்துவிட்டு, கை சுத்தத்துக்கு ஏற்பாடு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் உள்ள சானிடைசர் பல கிருமிகளைக் கொல்லும், உண்மைதான். ஆனால் வாந்தி பேதியைப் பரப்புகிற நோரோவைரஸிடம் அதன் பலம் குறைவு. எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. பூச்சிமருந்து, ஈயத்தூள், பெயின்ட் போன்றவற்றை அது அகற்றவும் அகற்றாது. ஈயம் புழங்குகிற வேலையில் இருப்பவர் கையைக் கழுவாமல் சாப்பிட்டால் அது வாய் வழியாக உடம்புக்குள் போகிறது. உடையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் குழந்தைகளையும் பாதிக்கிறது. ஈரச் சிமென்ட் காரத்தன்மை உள்ளது, தோலில் நேரம் போகப் போகப் புண்ணாக்கும், உடனே கழுவியாக வேண்டும். இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பக்கத்திலேயே ஓடுகிற தண்ணீரும் சோப்பும், உடை மாற்றிக்கொள்ள ஓர் அறையும் இல்லை என்றால், கையுறை கொடுத்துவிட்டோம் என்று சொல்வதில் அர்த்தமில்லை. சோப்புப் போட்டு 20 விநாடியாவது தேய்க்க வேண்டும் என்று சுவரில் படம் ஒட்டுகிறீர்கள். நல்லது. குழாயில் 20 விநாடி தொடர்ந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள். கழுவிய கையைத் துடைக்க ஒரே துண்டை எல்லோருக்கும் மாட்டிவைப்பதும் வேண்டாம். காகிதத் துண்டோ காற்றில் உலர்த்தும் கருவியோ போதும்.

தூய்மைப் பணியாளர்களை விட்டுவிட்டு இதையெல்லாம் பேசினால் அது பாதிப் பேச்சு. கழிப்பறை நாறினால் எல்லோரும் முதலில் அவர்களைத்தான் திட்டுகிறோம். அவர்களிடம் கிழிந்த கையுறையும், ஒரே துடைப்பமும், அடையாளமில்லாத பாட்டில்களில் ஊற்றிய திரவங்களும்தான் இருக்கின்றன. பிளீச்சிங் கரைசலையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வெளியாகும். காற்றோட்டமில்லாத சின்ன அறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும், உயிரையும் எடுக்கும். கறை சீக்கிரம் போக வேண்டும் என்ற அவசரத்தில் இரண்டையும் சேர்த்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. பாட்டிலில் பெயர் எழுதுங்கள். எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்த மொழியில் வாயாலும் சொல்லுங்கள். அப்புறம், அவர்கள் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் கொடுங்கள். கழிப்பறை வாசலில் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை நான் ஒன்றுக்கு மேற்பட்ட அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டடங்களின் வரவேற்பறைகளில் உட்கார ஆளில்லாத சோபாக்கள் இருந்தன.

‘எவ்வளவு செய்து கொடுத்தாலும் பாழாக்கிவிடுகிறார்கள், சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள்’ என்று நிர்வாகத் தரப்பில் சொல்வது காதில் விழுகிறது. பாழாக்குகிறவர்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் நின்றுபோன கழிப்பறையை எவ்வளவு ஒழுக்கமானவராலும் சுத்தமாக வைத்திருக்க முடியாது. குழாய் சொட்டினால் அன்றே சரிசெய்கிற இடத்தில் ஆட்களும் கவனமாக நடந்துகொள்கிறார்கள். பழுதானது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிற இடத்தில் யாருக்கும் அக்கறை வருவதில்லை. அதே ஊழியர்கள்தான், அதே கைகள்தான். இன்னொரு பதிலும் வரும்: ‘இது வாடகைக் கட்டடம், கட்டட உரிமையாளர்தான் செய்ய வேண்டும்.’ அந்த உரிமையாளரோடு பேச வேண்டியது நீங்கள். குளிர்சாதனம் வேலை செய்யாவிட்டால் அவரிடம் எத்தனை முறை பேசுவீர்களோ, அத்தனை முறை இதற்கும் பேசுங்கள்.

கட்டடமே இல்லாமல் வேலை செய்கிறவர்களும் உங்கள் ஆட்கள்தான். லாரி ஓட்டுகிறவர், பொருளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர், வாசலில் இரவு முழுக்க நிற்கிற காவலாளி, விற்பனைக்காக நாள் முழுக்க வெளியே அலைகிறவர். உங்கள் கிடங்குக்குச் சரக்கு கொண்டுவருகிற ஓட்டுநர், அவர் வேறு நிறுவனத்துக்காரர் என்பதற்காக, உள்ளே விடப்படாமல் சுவரோரம் ஒதுங்குகிறார். கேட்டில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகிற விஷயம் இது. வெளியே சுற்றுகிறவர்களின் வேலைப் பாதையில் எந்தெந்தக் கிளையில் கழிப்பறை இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கள். கட்டுமான இடங்களில் அடித்தளம் தோண்டுகிற முதல் நாளே தற்காலிகக் கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் வந்துவிட வேண்டும். கட்டடம் எழும்பின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், அந்த மாதங்களில் அங்கே வேலை செய்யும் பெண்கள் இருட்டுவதற்காகக் காத்திருக்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. கழிப்பறைக்கென்று பொறுப்பான ஒருவரை நியமியுங்கள்; தாழ்ப்பாள், பல்பு, சோப்பு, கூடை, குழாய் வாஷர் போன்ற சின்னச் சாமான்களை யாரிடமும் ஒப்புதல் வாங்காமல் அன்றே வாங்கிக்கொள்ள அவர் கையில் கொஞ்சம் பணம் கொடுங்கள். இந்தச் சாமான்களுக்கான கோப்பு மூன்று மேசை ஏறி இறங்குவதால்தான் ஒரு தாழ்ப்பாள் மாதக்கணக்கில் வராமல் போகிறது. குறையைப் பெயர் போடாமல் சொல்ல வழி செய்யுங்கள், ஏனென்றால் இந்தக் குறையைப் பெயர் போட்டுச் சொல்ல நமக்கெல்லாம் கூச்சம். சொன்ன குறைக்கு எப்போது சரியாகும் என்று தேதி எழுதிப் பதில் ஒட்டுங்கள். பெண்கள் கழிப்பறை பற்றி முடிவெடுக்கிற கூட்டத்தில் அதைப் பயன்படுத்துகிற பெண்கள் இரண்டு பேரையாவது உட்காரவையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று இருக்கிறது. பல நிறுவனங்களில் அதிகாரிகளுக்குத் தனிக் கழிப்பறை, ஊழியர்களுக்குத் தனி. அந்தப் பாகுபாட்டை எடுத்துவிடுங்கள். ஊழியர்கள் போகிற அதே கதவைத் திறந்துகொண்டு நீங்களும் தினமும் போய்வந்தால், இந்த மடலில் எழுதியிருப்பதில் பாதியை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது. உடனே அது முடியாது என்றால், சாவியையாவது மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து வெளியே மாட்டுங்கள். பதிவேட்டில் கழிப்பறை நேரம் எழுதுவதை நாளையிலிருந்து நிறுத்திவிடலாம். அதற்கு ஒரு கையெழுத்து போதும், அது உங்கள் கையெழுத்துதான்.

இப்படிக்கு,
உங்களிடம் வேலை பார்ப்பவர்களில் ஒருத்தி